நுனி காயும் எலுமிச்சைத் தோப்பை மீட்பது: வேரில் தொடங்கி வரிசையாக

புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி பக்கம் எலுமிச்சை வைத்திருப்பவர்கள் நுனி காய ஆரம்பித்ததும் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணாச்சி, எந்த மருந்து அடிக்கணும்?" என்பதுதான். இலை மஞ்சளாகிறது, காய் சிறுக்கிறது, உச்சிக் கிளை குச்சியாக நிற்கிறது. எல்லாம் மேலே தெரிவதால் ஸ்பிரேயரைத் தூக்குகிறோம். ஆனால் இந்த மலையடிவாரத் தோப்புகளில் பெரும்பாலும் கோளாறு தூரிலும் (அடிமரத்திலும்) சல்லிவேரிலும்தான் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் இலைக்குக் கொடுப்பது வீண் செலவு.

நலிவுக்குக் காரணம் ஒன்றல்ல. வேரழுகல், வேரைத் தாக்கும் நூற்புழு, சுக்கான் (சுண்ணாம்புக்கல்) அடிமண், துத்தநாகப் பற்றாக்குறை, கிரீனிங் என்ற பாக்டீரியா நோய், டிரிஸ்டீசா என்ற வைரஸ் நோய் என்று பல உண்டு. ஒரே மரத்தில் இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கும். அதனால்தான் செய்யும் வரிசை முக்கியம். கீழே உள்ளது ஐந்து வயதுக்கு மேற்பட்ட, காய்க்கும் மரங்களுக்கான வரிசை. சாத்துக்குடிக்கும் ஏறக்குறைய இதே முறைதான்.

1. தொடங்கும் முன்

முதலில் காலம். தூர் திறப்பது, பட்டை சுரண்டுவது, கவாத்து எல்லாம் மழை இல்லாத நாளில் நடக்க வேண்டும். நம் பக்கம் ஜூன் முதல் மலையோரச் சாரல், அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. ஆகவே பெரிய வேலைகளுக்குத் தை, மாசி நல்லது. தூருக்கு போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) பூசுவதை மட்டும் வருடத்துக்கு இரண்டு முறை, சாரலுக்கு முன் மே மாதத்திலும், பருவமழை ஓய்ந்ததும் ஜனவரியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: களைக்கொட்டு, கடப்பாரை, கூர்மையான சூரிக்கத்தி, கவாத்துக் கத்தரி, கைரம்பம், இரண்டு பிளாஸ்டிக் வாளி, தென்னைநார் மட்டை அல்லது பழைய பெயின்ட் பிரஷ், மூன்று நிறப் பெயின்ட், ஒரு நோட்டு. மயில்துத்தமும் சுட்ட கல்சுண்ணாம்பும் வாங்கி வையுங்கள். கத்தியையும் கத்தரியையும் மரத்துக்கு மரம் துடைக்க பிளீச்சிங் கரைசல் வேண்டும்.

மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். எலுமிச்சை உப்பைத் தாங்காத மரம். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் மற்ற வேலை எல்லாம் பாதிப் பலன்தான் தரும். ஆழம் கூட்டிய போர்களில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

2. மரங்களைப் பிரித்து, தோப்பை வரைபடமாக்குதல்

காலையில் வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு மரத்துக்கும் அடையாளம் போடுங்கள். நல்ல மரத்துக்கு ஒன்றும் வேண்டாம். கால்பங்கு வரை கிளை காய்ந்ததற்கு மஞ்சள், பாதி வரை காய்ந்ததற்கு ஆரஞ்சு, அதற்கு மேல் போனதற்குச் சிவப்பு. நோட்டில் கட்டம் போட்டு அதே நிறத்தைக் குறியுங்கள்.

புதியவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். எல்லா மரத்துக்கும் ஒரே மருந்து ஊற்றி, எது பிழைத்தது, எதனால் பிழைத்தது என்று தெரியாமல் அடுத்த வருடமும் அதையே செய்கிறார்கள்.

வரைபடத்தைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். வாய்க்காலை ஒட்டியும் பள்ளத்திலும் நிறம் கூடியிருந்தால் தண்ணீர் தேங்கி வேரழுகும் இடம். ஒரு பக்கம் திட்டாக, பத்து இருபது மரம் சேர்ந்தாற்போல் குறுகி நின்றால் அடியில் சுக்கானோ கல்லோ இருக்கலாம், நூற்புழுவும் இருக்கலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாக, பக்கத்து மரம் செழிப்பாக நிற்க இது மட்டும் காய்ந்தால் பட்டைப்புழு, கிரீனிங், டிரிஸ்டீசா மூன்றையும் சந்தேகப்படுங்கள். நடும்போது தூரை ஆழமாகப் புதைத்த தனி மரமும் இப்படித்தான் காயும்.

அப்புறம் இலை. இங்கேதான் குழப்பம் அதிகம், ஏனென்றால் எல்லாமே "மஞ்சள்" என்றுதான் சொல்லப்படுகிறது.

துத்தநாகக் குறைவு இளம் இலையில் தெரியும். இலை சிறுத்து, நரம்பு பச்சையாக நிற்க, நரம்புக்கு இடையே மஞ்சளாகும். நடு நரம்புக்கு இரு புறமும் ஒரே மாதிரி இருக்கும். இரும்புக் குறைவும் இளம் இலையில்தான். இலை முழுதும் வெளிறி, மெல்லிய பச்சை வலை மட்டும் நிற்கும். மெக்னீசியக் குறைவு முதிர்ந்த இலையில் வரும். காம்புப் பக்கம் ஒரு பச்சை முக்கோணம் விட்டுவிட்டு மற்ற இடம் மஞ்சளாகும்.

இலையின் உடல் பச்சையாக இருக்க, நடு நரம்பு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தால் ஊட்டச்சத்தை விட்டுவிட்டுத் தூருக்குப் போங்கள். பட்டை அழுகி உணவு கீழே இறங்காத மரத்தில் இது வரும்.

கிரீனிங் வேறு. நடு நரம்பின் ஒரு பக்கம் இருக்கும் மஞ்சள் திட்டு மறு பக்கம் இருக்காது. இலையை நீளவாக்கில் மடித்து இரு பாதியையும் ஒப்பிட்டால் திட்டுகள் பொருந்தா. காய் கோணலாகி, அறுத்தால் விதை கருகிச் சூம்பியிருக்கும். துத்தநாகக் குறைவும் சேர்ந்திருந்தால் இது மறைந்துவிடும். அதனால் ஒரு மரத்தில் பல இலைகளைப் பாருங்கள்.

3. வேரைத் தோண்டிப் பார்த்தல்

நிறம் போட்ட மரங்களில் சிலதையும், ஒப்பிட ஒரு நல்ல மரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிளை விளிம்புக்குச் சற்று உள்ளே, நான்கு திசையிலும் அரை அடி முதல் முக்கால் அடி வரை மெதுவாகத் தோண்டுங்கள். எலுமிச்சையின் சல்லிவேர் பெரும்பகுதி மேல் ஒன்றரை அடிக்குள்தான் இருக்கிறது.

நல்ல சல்லிவேர் வெளிர் நிறமாக, இழுத்தால் பட்டையோடு சேர்ந்து அறும். அழுகிய வேரை இரு விரலால் உருவினால் பட்டை உறையாகக் கழன்று, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் கையில் நிற்கும். இது பைட்டோப்தோரா என்ற, பூஞ்சை போன்ற நுண்ணுயிரியின் வேலை. மண்ணை முகர்ந்தும் பாருங்கள். தேங்கிய இடத்தில் புளித்த வாடை வரும்.

வேரைத் தண்ணீரில் அலசினாலும் மண் துகள் ஒட்டியே இருந்து, வேர் தடித்துக் குட்டையாகத் தெரிந்தால் எலுமிச்சை நூற்புழு. உறுதி செய்ய வேரும் மண்ணும் சேர்த்து பாலித்தீன் பையில் கட்டி, வெயில் படாமல் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். வெயிலில் கிடந்த பையில் புழு செத்துவிடும். முடிவு "இல்லை" என்று வந்து ஏமாற்றும்.

அடுத்து தூர். மரத்தைச் சுற்றி மண்ணை விலக்கி, முதல் பக்கவேர் கிளம்பும் இடம் தெரிகிறதா என்று பாருங்கள். ஒட்டுக்கட்டிய செடியாக இருந்தால் ஒட்டு மண்ணுக்கு மேல் முக்கால் அடியாவது இருக்க வேண்டும். வருடா வருடம் பாத்தி கட்டி, களை வெட்டி, மண்ணை அணைத்து அணைத்துத் தூரையே மூடிவிடுகிறோம். ஈரமான மண் பட்டையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அழுகல் நிச்சயம்.

கடைசியாக வடிகால் சோதனை. திட்டாகக் காய்ந்த இடத்தில் மூன்றடிக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாளும் நின்றால் அடியில் தடை இருக்கிறது. குழிச் சுவரில் வெள்ளைத் துகளாகச் சுக்கான் தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் உரம் கொடுக்கும்போது தேவைப்படும்.

4. தண்ணீரை முதலில் சரிசெய்யுங்கள்

மருந்துக்கு முன் இதைச் செய்யக் காரணம் உண்டு. பைட்டோப்தோரா நீரில் நீந்திப் பரவும் வித்துகளை விடும் நுண்ணுயிரி. நீர் தேங்கினால் ஊற்றிய மருந்து ஒரு மாதம் தாங்கும், பிறகு பழையபடிதான்.

தாழ்ந்த பகுதியில் இரண்டு வரிசைக்கு ஒரு வடிகால், ஒன்றரை அடி ஆழமாவது எடுத்து வெளியே இறங்கும்படி சரிவு கொடுங்கள். வெளியே போக வழியில்லாத வடிகால் வெறும் குளம்.

பாத்திப் பாசனமென்றால் இரட்டை வட்டம் போடுங்கள். தூரை ஒட்டி உள்வட்டத்தில் மண்ணைச் சற்று மேடாக்கி உலர விட்டு, வெளிவட்டத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். ஒரு மரத்துப் பாத்தியிலிருந்து அடுத்த மரத்துக்குத் தண்ணீர் பாய்ந்து போகும் பழக்கத்தை நிறுத்துங்கள். நோயும் அதே வழியில் போகிறது.

சொட்டுநீர் போட்டவர்கள் "எங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை" என்பார்கள். போய்ப் பார்த்தால் நடும்போது வைத்த டிரிப்பர் அதே இடத்தில், இப்போது தடித்த தூரின் மேலேயே சொட்டிக்கொண்டிருக்கும். மரம் வளர வளர டிரிப்பரைக் கிளை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

ஊடே வாழை வைத்திருந்தால் முடிவெடுக்கும் நேரம் இது. வாழைக்கு வேண்டிய தண்ணீர் எலுமிச்சைக்கு அதிகம். என்னைக் கேட்டால் நலிந்த தோப்பில் வாழை வேண்டாம். உளுந்து, பாசிப்பயறு போதும்.

5. தூருக்குச் சிகிச்சை

மண்ணை விலக்கிய தூரை ஒரு வாரம் காற்றாட விடுங்கள். பிசின் வடியும் இடத்தில் சூரிக்கத்தியால் செத்த பட்டையை மட்டும் சுரண்டுங்கள். பழுப்பு நிறம் முடிந்து உயிருள்ள வெளிர் விளிம்பு தெரிந்ததும் கை நிற்க வேண்டும். ஆர்வத்தில் நல்ல பட்டையையும் சுற்றிச் சீவினால் நோய் செய்யாத வேலையை நாமே செய்து முடித்துவிடுவோம். சுரண்டிய பட்டையைக் கீழே விடாமல் சாக்கில் பிடித்து எரியுங்கள்.

சுற்றளவில் பாதிக்கு மேல் பட்டை செத்திருந்தால் அந்த மரத்தைச் சிவப்புக்கு மாற்றுங்கள். அதற்குச் செலவழிக்கும் பணத்தில் நாலு மஞ்சள் மரம் பிழைக்கும்.

போர்டோ பசை: மயில்துத்தம் 1 கிலோவை 5 லிட்டர் தண்ணீரில் முந்தின இரவே துணியில் கட்டித் தொங்கவிட்டுக் கரையுங்கள். கல்சுண்ணாம்பு 1 கிலோவை இன்னொரு வாளியில் 5 லிட்டரில் நீற்றி, ஆறியதும் வடிகட்டுங்கள். இரண்டையும் கலக்குங்கள். பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிடம் வைத்தெடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்புப் பால் சேருங்கள், இல்லாவிட்டால் பட்டை கருகும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறுகள் மூன்று. இரும்பு வாளியில் கரைப்பது ஒன்று. செம்பு வாளியில் படிந்து கரைசல் வீரியம் இழக்கும். வெள்ளையடிக்க வாங்கி மாதக்கணக்கில் கிடந்த சுண்ணாம்புத் தூளைப் போடுவது இரண்டாவது. மூன்றாவது, மிஞ்சியதை மறுநாளைக்கு வைப்பது. அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே கலக்கி, தூரிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை பூசி முடித்துவிடுங்கள். வருடம் இருமுறை பூசுவது நல்ல மரங்களுக்கும் சேர்த்துத்தான்.

6. வேருக்கு மருந்து, பிறகு நன்மை செய்யும் பூஞ்சை

வேரழுகல் உறுதியான மரங்களுக்கு மட்டும், மெட்டலாக்சிலும் மேன்கோசெப்பும் கலந்த 72 சதப் பூஞ்சைக்கொல்லித் தூளை லிட்டருக்கு 2.75 கிராம் கரைத்து, கிளை விரிந்த பரப்பு முழுதும் நனையும்படி ஊற்றுங்கள். மண் லேசான ஈரத்தில் இருக்கும்போது ஊற்றினால் வேர் வரை இறங்கும். காய்ந்த மண்ணில் வெடிப்பு வழியே ஓடிவிடும். 40 நாள் கழித்து இன்னொரு முறை.

டிரைக்கோடெர்மாவை இதோடு சேர்த்துப் போடாதீர்கள். அது நன்மை செய்யும் பூஞ்சை, மேன்கோசெப் அதையும் கொல்லும். இரண்டாவது முறை ஊற்றி மூன்று வாரம் ஆன பிறகு தொடங்குங்கள். 100 கிலோ மக்கிய தொழுவுரம், 10 கிலோ வேப்பம்புண்ணாக்கு, 1 கிலோ டிரைக்கோடெர்மா மூன்றையும் கலந்து நிழலில் ஈரச்சாக்கு மூடி இரண்டு வாரம் வைத்தால் பெருகிவிடும். அதை மேல் மண்ணில் கிளறிவிடுங்கள்.

நூற்புழு இருக்கும் இடத்தில் மரத்துக்கு 2 கிலோவுக்குக் குறையாமல் வேப்பம்புண்ணாக்கு தனியாகக் கொடுங்கள். வேரிலிருந்து புழுவை முழுதும் ஒழிக்க முடியாது. எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்தால் புது வேர் முந்திக்கொள்ளும். அவ்வளவுதான் இலக்கு.

7. கவாத்து

காய்ந்த கிளையை, உயிருள்ள பகுதிக்குள் ஒரு அங்குலம் இறக்கி வெட்டுங்கள். செத்த பகுதியோடு நிறுத்தினால் நுனிக்கருகல் பூஞ்சை அங்கிருந்தே இறங்கும். கைவிரலை விடத் தடித்த வெட்டில் போர்டோ பசை வையுங்கள். வெட்டி முடித்ததும் தோப்பு முழுதும் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் தெளியுங்கள். சொறிநோய்க்கும் அதுவே உதவும்.

ஒட்டுக்குக் கீழே கிளம்பும் போத்துகளை உடனே கிள்ளுங்கள். விட்டால் இரண்டு வருடத்தில் தோப்பில் எலுமிச்சை போய் வேர்ச்செடியான ஜம்பேரி காய்க்கும்.

பச்சைக் கிளையை நிறைய வெட்டி மரத்தை "புதுசாக்க" வேண்டாம். இலை குறைந்த மரத்தில் பங்குனி வெயில் நேராக விழுந்து பட்டை வெடிக்கும். திறந்துபோன கிளைகளுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

8. காயைக் குறைத்து, வாட்டம் போடுவதை நிறுத்துதல்

இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. கோடையில்தான் விலை. செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளா போகும் லோடுக்கு அப்போதுதான் இழுப்பு. அதற்காகத் தண்ணீரை நிறுத்தி, இலை சுருள விட்டு, மறுபடி பாய்ச்சிப் பூ எடுக்கிறோம். திடமான மரம் தாங்கும். சல்லிவேர் போன மரம் அந்த வாட்டத்திலேயே பட்டுப்போகும். தப்பினாலும், வேர் விட வேண்டிய சத்தெல்லாம் காய்க்குப் போகும்.

மஞ்சள், ஆரஞ்சு மரங்களுக்கு ஒரு வருடம் வாட்டம் வேண்டாம். பிடித்த பிஞ்சில் பாதியையாவது உதிர்த்துவிடுங்கள். நல்ல மரங்களில் வழக்கம்போலச் செய்துகொள்ளுங்கள். பெயின்ட் அடையாளம் இங்கேதான் காசாக மாறுகிறது.

9. இப்போதுதான் உரம்

வேர் இல்லாத மரத்துக்கு யூரியா போட்டால் உறிஞ்ச ஆள் இல்லை. உப்பு மட்டும் கூடி, மிச்ச வேரும் கருகும். மறுபடி தோண்டிப் பார்த்து வெள்ளைச் சல்லிவேர் தெரிந்த பிறகே தொடங்குங்கள்.

நன்றாகக் காய்க்கும் எலுமிச்சை மரத்துக்கு வருடத்துக்குத் தொழுவுரம் 30 கிலோ, தழைச்சத்து 600 கிராம், மணிச்சத்து 200 கிராம், சாம்பல்சத்து 300 கிராம் என்பது பொதுப் பரிந்துரை. இவை சத்தின் அளவு, உர மூட்டையின் அளவு அல்ல. 600 கிராம் தழைச்சத்துக்கு யூரியா ஏறக்குறைய 1.3 கிலோ. நலிந்த மரத்துக்கு முதல் வருடம் இதில் பாதி, அதையும் நான்கைந்து தவணையாக. தூரில் கொட்டாமல் கிளை விளிம்பு வட்டத்தில் போட்டு மூடுங்கள்.

சுக்கான் மண்ணில் போடும் துத்தநாகம் மண்ணிலேயே பூட்டிக்கொள்ளும். அங்கே இலைவழிதான். ஜிங்க் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம், அதோடு நீற்றிய சுண்ணாம்பு 2.5 கிராம் சேர்த்துத் தெளியுங்கள். சுண்ணாம்பு இல்லாவிட்டால் தளிர் கருகும். புதுத் தளிர் முக்கால் விரிந்த நிலையில் தெளிப்பது சரி. முதிர்ந்த இலை குடிக்காது.

களைக்கு ரொட்டவேட்டர் ஓட்டாதீர்கள். இவ்வளவு பாடுபட்டு வரவழைத்த சல்லிவேரை அரைமணி நேரத்தில் அறுத்துவிடும். கிளைக்கு வெளியே சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து, பூக்கும்போது அறுத்து மரத்தடியில் மூடாக்காகப் போடுங்கள், தூரிலிருந்து ஒரு அடி தள்ளி.

10. தளிர் வரும்போது பூச்சிக் காவல்

மீளும் மரம் அடிக்கடி தளிர்க்கும். கிரீனிங்கைப் பரப்பும் சைலிட் பூச்சியும், டிரிஸ்டீசாவைப் பரப்பும் கறுப்பு அசுவினியும் தளிரைத்தான் தேடி வரும். துளிர் ஒரு அங்குலம் இருக்கும்போதே வேப்பெண்ணெய்க் கரைசல் தொடங்குங்கள். கூட்டமாகத் தெரிந்தால் இமிடாகுளோபிரிட் லிட்டருக்கு அரை மில்லி, பூ விரிந்திருக்கும்போது மட்டும் வேண்டாம், தேனீ சாகும்.

வேலியோரம் கறிவேப்பிலை இருந்தால் அதன் கொழுந்தையும் திருப்பிப் பாருங்கள். சைலிட்டுக்கு அதுவும் வீடு. தோப்பை மட்டும் தெளித்துவிட்டுக் கறிவேப்பிலையை விட்டால் பத்து நாளில் திரும்பிவிடும்.

பட்டையில் மரத்தூளும் எச்சமும் சேர்ந்த நூலாம்படை தெரிந்தால் பட்டைப்புழு. சுத்தம் செய்து, துளையில் கம்பி விட்டுக் குத்தி, மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சை அடைத்து ஈரமண் பூசுங்கள்.

11. பிடுங்குவதும் மறுநடவும்

கிரீனிங் உறுதியான மரத்துக்கு மருந்தில்லை. டிரிஸ்டீசாவுக்கும் இல்லை. எலுமிச்சை டிரிஸ்டீசாவுக்கு மிக எளிதில் அடிபடும் இனம், எந்த வேர்ச்செடி மேல் இருந்தாலும் தப்பாது. "இன்னும் நாலு காய் இருக்கே" என்று விட்டு வைத்தால் பக்கத்து மரங்களுக்கு அதுதான் நோய்க் கிடங்கு. முதலில் பூச்சிமருந்து தெளித்து, மறுநாள் பிடுங்குங்கள். தெளிக்காமல் அசைத்தால் பூச்சி எல்லாம் அடுத்த மரத்துக்குப் பறந்துவிடும்.

அதே குழியில் உடனே நடாதீர்கள். பழைய வேரைப் பொறுக்கி எடுத்து, கோடை முழுதும் திறந்து வைத்து, ஒரு போகம் சணப்பை போட்ட பிறகு இரண்டரை அடிக் குழி. நாற்றை மேட்டில் வையுங்கள், மண் இறங்கும்போது தூர் பள்ளத்துக்குப் போகாது.

நாற்று வாங்கும்போது பையைக் கிழித்து வேரைப் பார்க்க அனுமதிக்காத நர்சரியில் வாங்க வேண்டாம். விதைக்கன்று என்றால் மிகக் குட்டையானதையும் மற்றதை மீறி ஓங்கியதையும் ஒதுக்கி, ஒரே சீராக நிற்பதை எடுங்கள். எலுமிச்சை விதையில் ஒன்றுக்கு மேற்பட்ட முளை வரும், அதில் தாய்மரத்தைப் போலவே வருபவைதான் பெரும்பாலும் சீராக இருக்கும். ஒரு நன்மை, டிரிஸ்டீசாவும் கிரீனிங்கும் விதை வழியாகப் பரவுவதாகத் தெரியவில்லை. ஒட்டு என்றால் குச்சி எடுத்த தாய்மரத்தைக் காட்டச் சொல்லுங்கள், அது வலைக்கூண்டுக்குள் இருந்தால் நல்லது. ரகம் பெரியகுளத்தின் பி.கே.எம். 1 ஆகட்டும், சொறிநோயைத் தாங்கும் ஆந்திராவின் பாலாஜி ஆகட்டும், தூரைப் புதைத்தால் இரண்டும் ஒன்றுதான்.

12. எப்போது பலன் தெரியும், எப்போது கைவிடுவது

வடிகாலும் வேர்ச் சிகிச்சையும் முடிந்து இரண்டு மாதத்தில் புதுத் துளிர் வரவேண்டும். பழைய மஞ்சள் இலை பச்சையாகத் திரும்பும் என்று காத்திருக்காதீர்கள். அது உதிரும், புது இலையைத்தான் பார்க்க வேண்டும். ஆறு மாதத்தில் மறுபடி தோண்டி, நல்ல மரத்தின் வேரோடு ஒப்பிட்டு நோட்டில் நிறத்தை மாற்றுங்கள்.

மஞ்சள் மரம் நல்லதாக மாற ஒரு வருடம், ஆரஞ்சுக்கு இரண்டு வருடம் ஆகலாம். இரண்டு தளிர்ப் பருவம் தாண்டியும் நுனி கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே வந்தால் அந்த மரத்துக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, அடுத்த மாசியில் பிடுங்கும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.